அரிவாளில் ஏறிய செம்பு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். கல்யாணப் பத்திரிகை யார் யாருக்கு வைக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தேன்; நீ உம் கொட்டிக்கொண்டு வந்தாய். எல்லாம் முடிந்த பிறகு, "அந்த ஆளுக்கு மட்டும் வெக்காதீங்கப்பா. உருமாலைச் சித்தப்பா கட்டிடட்டும்" என்றாய். அந்த ஆள் என்று நீ சொன்னது உன் தாய்மாமனை, உன் அம்மாவின் கூடப் பிறந்த ஒரே அண்ணனை. மாப்பிள்ளையாக நிற்கும்போது உன் தலையில் உருமால் கட்டிவிட வேண்டியவர் அவர். நான் "சரி சாமி, உன் இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு, எதிரே இருந்த கஞ்சி ஆறி ஆடை கட்டும்வரை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அது உன் இஷ்டம் இல்லை கண்ணு. பதினான்கு வருஷமாக நான் உனக்குள் ஊற்றியது. போனில் சொன்னால் பாதியில் நீ வெட்டிவிடுவாய், இல்லாவிட்டால் நான் கத்திவிடுவேன். நம் இரண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அதனால் பேனாவை எடுத்தேன்.

புத்திமதி சொல்ல எழுதவில்லை. கல்யாணமாகப் போகிற பிள்ளைக்கு அப்பன்காரன் எழுதினால், பெண்டாட்டியை அனுசரித்துப் போ, கோபத்தைக் குறை, சொந்தபந்தத்தை விட்டுவிடாதே என்றுதான் எழுதுவான். அதையெல்லாம் எழுத எனக்கு என்ன யோக்கியதை? உன் அம்மாவை நான் அனுசரித்த லட்சணம் ஊருக்கே தெரியும். கோபத்தைப் பற்றி நான் வாயைத் திறந்தால் நம் வீட்டு நாய்கூடச் சிரிக்கும். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று உன் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்வாள், என் காதில் விழட்டும் என்றே சொல்வாள். நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன். முடிக்கும்வரை என்னைத் திட்டாதே. முடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

நான் பத்தாவது படித்தவன். நம் எடப்புளி நாட்டு மலை ஊர்களில் அந்த நாளில் அது கலெக்டர் படிப்பு. மிளகுக் கொடிகளுக்கு வாடல் வரத் தொடங்கிய காலத்தில், செம்மேட்டில் மூன்று நாள் பயிற்சி என்று விவசாய ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். நான் போய், வாடலுக்கு அடிக்கிற போர்டோ கலவை செய்யக் கற்றுக்கொண்டு வந்தேன். ஒரு கிலோ மயில்துத்தத்தை, அந்த நீலச் செம்பு உப்பை, ஒரு டிரம் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை இன்னொரு டிரம்மில் கரைக்க வேண்டும். துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால் நீலமாகத் தயிர் மாதிரித் திரண்டு வரும். அதற்கப்புறம்தான் முக்கியமான காரியம். பளபளவென்று தீட்டிய அரிவாளை அதில் முக்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். இரும்பு இரும்பாகவே இருந்தால் அடிக்கலாம். அரிவாளில் சிவப்பாகச் செம்பு படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இன்னும் சுண்ணாம்பு சேர்க்காமல் அதைக் கொடிப்பக்கம் கொண்டுபோகவே கூடாது. இதை நான் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். இதே மலையிலிருக்கிற குண்டூர் நாட்டிலிருந்துகூட ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். "ஏனுங்க துத்தக்காரரே, எங்க தோட்டத்துக்கும் ஒரு நடை வாங்க" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் மாமன் தோட்டத்துக்கும் நான்தான் கலந்து கொடுத்தேன். அவர் தோட்டமும் நம் தோட்டமும் ஒரே வரப்பின் இரண்டு பக்கம். வரப்பின் அடியில் அந்த ஊற்றுக்குழி. உனக்கு அங்கே நீந்தக் கற்றுக்கொடுத்ததே அவர்தான், மறந்திருக்க மாட்டாய்.

நீ ஆஸ்டலில் தங்கி ஒன்பதாவது படித்த வருஷம் அது. மழைக்கு முன்னால் அடிக்க வேண்டிய மருந்தை, அடுத்தவர் தோட்டங்களுக்குப் போய்ப் பெருமை அடித்துக்கொண்டிருந்ததில், நம் தோட்டத்துக்கு அடிக்காமல் தள்ளிப்போட்டுவிட்டேன். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு கொடியில் இலை தொங்கிக் கிடக்கிறது. பதறிப்போனேன். வாடல் நுழைந்துவிட்டால் தோட்டத்தையே சுற்றி வளைத்துவிடும். துத்தம் வீட்டில் இருந்தது. சுண்ணாம்பு போன வருஷத்து மூட்டை. வாய் பிரிந்து, ஈரக்காற்று பட்டுப் பொடிந்து கிடந்தது. நல்ல சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் புஸ்ஸென்று கொதிக்கும், பக்கத்தில் நிற்க முடியாது. இது செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது. வானம் கருக்கத் தொடங்கியிருந்தது. உன் மாமன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, சுண்ணாம்பு பூத்துப் போயிருக்குதுங்க. காரம் செத்துப் போச்சு. நாளைக்குக் கீழ போயி புதுசு வாங்கிட்டு வந்தரலாம்" என்றார்.

"நாளைக்குள்ள மழ வந்துருமுங்க."

"வந்தா வரட்டும். ரெண்டு கொடி போனாப் போவுது. தோட்டம் பொழைச்சுக்கும்."

"துத்தம் கலக்க எனக்கு நீங்க சொல்லித்தரோணுமா? போயி உங்க வேலையப் பாருங்க மச்சான்."

அவர் வரப்பை விட்டு இறங்கவில்லை. போகவும் இல்லை. எனக்கு இன்னும் வேகம் ஏறியது. வாடல் வந்த தோட்டத்துக்கு மருந்து கனமாக இருக்கட்டும் என்று துத்தத்தை இன்னும் இரண்டு பிடி அள்ளிப் போட்டேன். கலக்கினேன். தயிர் மாதிரித் திரளவில்லை. தெளிந்த நீலமாக நின்றது. அரிவாளை முக்கி எடுத்தேன். சிவந்திருந்தது கண்ணு. புளி போட்டு விளக்கிய செம்புச் சொம்பின் நிறத்தில், நுனியிலிருந்து பிடி வரைக்கும். நூறு பேருக்கு நான் காட்டிய அதே சிவப்பு. நான் வேட்டி நுனியை எடுத்து அதைத் துடைத்தேன். துடைத்துவிட்டு, "சரியா இருக்குது" என்று சத்தமாகச் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். பிறகு டேங்க்கில் ஊற்றி முதுகில் மாட்டிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்க அடித்து முடித்தேன். மிச்சத்தை ஊற்றுக்குழிக் கரையில் கொட்டி, டிரம்மை அந்தத் தண்ணீரிலேயே அலசி எடுத்துக்கொண்டு வந்தேன்.

நான்காம் நாள் இலையெல்லாம் தீயில் வாட்டினது மாதிரிக் கருகிவிட்டது. பிஞ்சு பிடித்திருந்த சரங்கள் தொட்டால் உதிர்ந்தன. ஊற்றுக்குழியில் சின்ன மீன்களும் தவளைக்குஞ்சுகளும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அடுத்தடுத்து மழை பெய்தது. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொடி செத்தது. வேரையும் பிடித்துவிட்டது. கொடி போட்டு ஏழு வருஷம், உன் அம்மா சாணிக் கூடை சுமந்து வளர்த்த தோட்டம். கொடி ஏறியிருந்த சில்வர் ஓக் மரங்கள் மட்டும் மொட்டை மொட்டையாக நின்றன. ஊர் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, "துத்தக்காரர் தோட்டமே இந்தக் கதியா?" என்றார்கள். அந்தக் கேள்வியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தோட்டம் போனதைக்கூடத் தாங்கியிருப்பேன். வாய் முந்திக்கொண்டது. "எவனோ நச்சுத் தண்ணிய ஊத்தியிருக்கான். ஊத்துல மீனு செத்து மெதக்குது, போயிப் பாருங்க" என்றேன். எவன் என்று கேட்டார்கள். ஊற்றுத் தண்ணீரை யார் முதலில் பாய்ச்சுவது என்று நானும் உன் மாமனும் அந்தச் சித்திரையில் சண்டை போட்டது ஊரெல்லாம் கேட்டிருந்தது. நான் பெயர் சொல்லாமல் இருந்தாலே அவரைத்தான் நினைத்திருப்பார்கள். ஆனாலும் நான் பெயரைச் சொன்னேன்.

ஊர்க்கூட்டம் மாரியம்மன் கோயிலில் கூடியது. சாட்சி இல்லாத வழக்குக்கு நம் ஊர் வழி உனக்குத் தெரியும்: தட்டில் கற்பூரத்தை ஏற்றி, குற்றம் செய்யவில்லை என்பவன் அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் உண்மையானால் பொய்யாகக் குற்றம் சுமத்தியவன் வருஷம் திரும்புவதற்குள் போய்விடுவான். சத்தியம் பொய்யானால் செய்தவன் போய்விடுவான். இரண்டு வீட்டில் ஒரு வீட்டில் எழவு நிச்சயம் என்று ஊர் நம்புகிறது. ஊர்க்கவுண்டர் கற்பூரத்தை ஏற்றிவிட்டு, "அணைங்க" என்றார். உன் மாமன் தட்டைப் பார்த்தார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த உன் அம்மாவைப் பார்த்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டார். "நான் சத்தியம் பண்ணலீங்க" என்றார். அவ்வளவுதான், கூட்டம் கொதித்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது பார் என்று நான்தான் முதலில் கத்தினேன். கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. அன்றோடு அவருக்கு ஊரில் நல்லது கெட்டது கிடையாது என்று தீர்ப்பாயிற்று. மாதம் தாண்டவில்லை, நிலத்தைப் பங்காளி கையில் விட்டுவிட்டு, உன் அத்தையைக் கூட்டிக்கொண்டு மலையை விட்டு இறங்கிவிட்டார்.

அப்போது உங்களுக்குத் தெரியாதா அப்பா என்று கேட்பாய். தெரியும். ஆனால் நான் என் மனசுக்கும் பொய் சொல்லிப் பழகியிருந்தேன். லேசான சிவப்புதானே, துடைத்தால் போய்விட்டதே, அது எப்படி ஒரு தோட்டத்தையே கொல்லும், நிச்சயம் இவன் ஏதோ ஊற்றித்தான் இருப்பான் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாள் போகப்போக அதை நம்பவும் தொடங்கிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும் சாமி, சோற்றைப் பரிமாறுகிறவனும் சாப்பிடுகிறவனும் ஒரே ஆளாக இருந்தால் முடியும். உன் அம்மா மட்டும் ஒருமுறை கேட்டாள், ஒரே ஒருமுறை. துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தவள், என் வேட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, அன்னைக்கு அருவாள எதுலீங்க தொடச்சீங்க?" என்றாள். நீலக்கறைக்கு நடுவில் செம்மண் நிறத்தில் ஒரு கீற்று. நான் வேட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அண்ணன்காரனுக்கு வக்காலத்தா என்று கத்திய கத்தில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. பிறந்த வீட்டுப் பேச்சையும் எடுக்கவில்லை. அந்த வேட்டியை எங்கே வைத்தாள் என்றும் எனக்குத் தெரியாது.

நீ லீவுக்கு வரும்போதெல்லாம் உனக்குக் கதையை நான்தான் சொன்னேன். மாமன் நம் வயிற்றில் அடித்தான், நம் தோட்டத்துக்கு விஷம் வைத்தான் என்று சோறு பிசைந்து கொடுக்கிற மாதிரிச் சொன்னேன். நீ என்மேல் பாசமாக இருந்தாய், நம்பினாய். அதன் பலனை உன் அம்மா செத்த அன்றைக்கு என் கண்ணாலேயே பார்த்தேன். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போடாமல் ஒரு பொம்பளையை எடுக்கக் கூடாது. எந்த விரோதமாக இருந்தாலும் அன்றைக்கு வழி விடுவார்கள். உன் மாமன் கீழேயிருந்து ஏறி வந்திருந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு, கையில் மஞ்சள் தடவிய புதுச் சேலையோடு. நீ வாசலில் குறுக்கே நின்றாய். "எங்கம்மாவத் தொடாத" என்று சொல்லி, அவர் கையிலிருந்த சேலையைத் தட்டிவிட்டாய். மழை பெய்த சேற்றில் அது விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார். உதறக்கூட இல்லை. என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இவ்வளவு வயசில் நான் செய்த பாவங்களில் அரிவாளைத் துடைத்ததைவிடப் பெரிய பாவம் அந்தத் திரும்பல்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் தங்கை முகத்தைப் பார்த்திருப்பார். கோடி இல்லாமலேயே அவளைப் புதைத்தோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்கு வந்தாயே, அந்த லீவை நினைத்துப் பார். ஈரோட்டில் தண்ணீர் சோதிக்கிற வேலைக்குச் சேர்ந்திருந்த புதுசு. எதைப் பார்த்தாலும் சோதிக்கிற வெறி உனக்கு. பையிலிருந்து கலர்க் காகிதத்தை எடுத்து ஊற்றுக்குழித் தண்ணீரில் நனைத்து, "அப்பா, நம்ம மலைத் தண்ணியே கொஞ்சம் புளிப்புதானுங்க" என்றாய். புளிப்பாக இருந்தால் என்ன என்று கேட்டேன். நீ உற்சாகமாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாய். சாதாரணத் தண்ணீரில் கரையாமல் கல் மாதிரிக் கிடக்கிற உலோக உப்பெல்லாம் புளிப்புத் தண்ணீரில் கரைந்து வந்துவிடும், பித்தளைப் பாத்திரத்தில் ஏறிய பச்சைக் களிம்பு புளி போட்டால் கழன்று வருகிறதே, அதே சங்கதிதான் என்றாய். "துத்தத் தண்ணிக்கு எதுக்குச் சாமி சுண்ணாம்பு போடறோம்?" என்று சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"துத்தத் தண்ணியே புளிப்புதானுங்கப்பா. சுண்ணாம்பு அந்தப் புளிப்ப முறிக்கும். முறிஞ்சா செம்பு கரையாத பொடியாகி இலைமேல ஒட்டிக்கும். மழைக்குத் துளித்துளியாத்தான் எறங்கும். அதான் பூசணத்தக் கொல்லும், இலையக் கொல்லாது" என்றாய். "சுண்ணாம்பு பத்தலைன்னு வெச்சுக்குங்க, தண்ணி புளிப்பாவே நிக்கும். செம்பு அத்தனையும் கரைஞ்சே கெடக்கும். இலைக்குள்ள எறங்கிக் கருக்கிரும். நம்ம மண்ணும் புளிப்பு மண்ணு, வேருக்கும் போயிரும். தண்ணியில கலந்தா மீனு தாங்காது."

மீனு தாங்காது. நீ அதைச் சொல்லிவிட்டு மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் அடிக்கப் போய்விட்டாய். என் வழக்கில் தீர்ப்பைச் சொன்னவன் நீதான் என்று உனக்குத் தெரியாது. கரைந்து கிடப்பது கண்ணுக்குத் தெரியாது, அரிவாளில் ஏறினால்தான் தெரியும். தெரிந்ததைத்தான் நான் துடைத்துவிட்டேன். அன்று மாலையே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பொங்கல் நாளில் வேண்டாம் என்றேன், பிறகு உனக்கு வேலை நிரந்தரம் ஆகட்டும் என்றேன், பிறகு பெண் அமையட்டும் என்றேன். சாக்குக்கா பஞ்சம்? உள்ளபடி பயம்தான் கண்ணு. எனக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது நீ ஒருத்தன். உண்மையைச் சொன்னால் நீயும் போய்விடுவாய் என்ற பயம். இப்போதும் அந்தப் பயம் இருக்கிறது.

வியாழக்கிழமை மலையடிவாரத்துப் புளியஞ்சோலைக்குப் போனேன். பஸ்ஸில் சுற்றிப் போனால் எங்கேயாவது இறங்கித் திரும்பிவிடுவேன் என்று எனக்கே என்மேல் சந்தேகம். அதனால் காட்டுத்தடத்தில் இறங்கினேன்; இறங்கின மலையை இந்த முழங்காலை வைத்துக்கொண்டு உடனே ஏற முடியாது. உன் மாமன் ஓடைப்பக்கத்தில் ஒரு பாக்குத் தோப்புக்குக் காவலாக இருக்கிறார். தகரம் போட்ட ஒற்றை அறை. தோப்பில் உட்கார்ந்து பாக்கு உரித்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், ஏதோ போன வாரம் வந்துபோனவனைப் பார்க்கிற மாதிரி, "வாங்க மாப்ளே" என்றார். உன் அத்தை ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"பையனுக்குக் கல்யாணமுங்க மச்சான்" என்றேன்.

"கேள்விப்பட்டேனுங்க. நல்ல புள்ளையா?"

"நல்ல புள்ளைங்க."

தண்ணீரைக் குடித்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வார்த்தைகளை ஆரம்பித்தேன். "மச்சான், அன்னைக்கு அந்த அருவா..." என்றேன், நின்றுவிட்டது.

"செவந்துதான இருந்துச்சு" என்றார், பாக்கிலிருந்து கண்ணை எடுக்காமல். "வரப்புல இருந்து பத்தடி கூட இல்லீங்களே. நீங்க வேட்டியில தொடச்சதப் பாத்துட்டுத்தான் நின்னேன்."

அவருக்கு இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது. "அப்புறம் எதுக்குங்க மச்சான் பேசாம இருந்தீங்க? கற்பூரத்த அணைச்சிருந்தா உங்க பேரு நின்னிருக்குமே?"

அவர் உரிக்கிற கத்தியைக் கீழே வைத்தார். "எம் பேரு நின்னிருக்கும். என் தங்கச்சி தாலி நின்னிருக்குமாங்க?" என்றார்.

கண்ணு, நான் அந்தச் சத்தியத்தையெல்லாம் நம்புகிறவன் இல்லை. பத்தாவது படித்த திமிர். ஆனால் அவர் நம்பினார், இன்றைக்கும் நம்புகிறார். அவர் கணக்குப்படி, ஒரு வருஷத்துக்குள் என்னைக் கொல்ல அன்று அவர் கையெட்டும் தூரத்தில் ஒரு கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதைத்தான் நான் குற்றமுள்ள நெஞ்சு என்று கத்தினேன். அவர் காப்பாற்றிக் கொடுத்த தாலியைக் கட்டிக்கொண்டிருந்தவள் அண்ணனைப் பார்க்காமலேயே போய்விட்டாள். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். அந்தத் தோப்பில் உட்கார்ந்து நான் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். அவர் மறுபடியும் கத்தியை எடுத்து உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பத்திரிகையை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், உன் பெயரை விரலால் தடவினார், திருப்பிக் கொடுத்துவிட்டார். "நீங்க கூப்ட்டு வரமாட்டேனுங்க மாப்ளே. பையன் வந்து கூப்ட்டா வாரேன்" என்றார். உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு மடிப்பை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். அந்தக் கோடிச் சேலை. மஞ்சள் மங்கிவிட்டது. ஒரு பக்கம் முழுக்கச் சேறு காய்ந்து அப்படியே ஒட்டியிருக்கிறது. இதை ஏன் துவைக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தொவைச்சா அவ ஊட்டு வாசல் மண்ணு போயிருமுங்களே" என்றார்.

வருகிற வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம் கூட்டச் சொல்லி ஊர்க்கவுண்டரிடம் சொல்லிவிட்டேன். எதற்கென்று கேட்டார், வந்து கேளுங்கள் என்றேன். இந்தக் கடிதத்தின் நகலை மாரியம்மன் கோயிலில் நானே உரக்கப் படிக்கப் போகிறேன். அவருக்குத் தீர்ப்பு விழுந்த இடத்திலேயே படிக்க வேண்டும். பெண் வீட்டார் காதுக்கும் போகும். இப்படிப்பட்ட அப்பனுக்குப் பிறந்தவனுக்கா பெண் கொடுக்கிறோம் என்று அவர்கள் யோசித்தால், அந்தப் பாவமும் என்னைத்தான் சேரும். அதற்காக இனிமேல் மறைக்க முடியாது. சம்பந்தி வீட்டுக்கு நானே போய்க் காலில் விழுந்தாவது சொல்லிப் பார்க்கிறேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். இதைப் படித்துவிட்டு நேராக இங்கே ஏறி வராதே. என்னிடம் சண்டை போட அப்புறம் நேரம் இருக்கிறது. துறையூர் போய்ப் புளியஞ்சோலை பஸ் ஏறு. ஓடையைத் தாண்டினால் தகரக் கொட்டாய் தெரியும். நீ செய்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, அது நான் செய்ய வைத்தது. அன்று தட்டிவிட்ட கையால் அந்தச் சேலையை வாங்கிக்கொள். அவரைக் கூட்டிக்கொண்டு வந்து, உன் அம்மா படுத்திருக்கிற மேட்டில் அவர் கையால் போர்த்தச் சொல். மண்ணோடு போர்த்தட்டும்.

பிறகு கல்யாணம். அவர் உனக்கு உருமால் கட்டுகிறபோது நான் பந்தலுக்குள் நிற்கலாமா, வெளியே நிற்க வேண்டுமா என்று அவரிடமே கேள். என்னிடம் வந்து சொல். எந்த இடம் என்று அவர் சொல்கிறாரோ அங்கே நிற்கிறேன்.

உன் அப்பா